நாஷனல் பாங்கு நோட்டுகளின் விலை

பழையது எதுவாயினும் அதற்கு நல்ல விலை கிடைக்கும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாட்டனார் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய நோட்டு வெளிப்பட்டால் போதும். குடும்பம் முழுவதும் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு எங்கே சரி, எங்கே பிழை என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணம் அமெரிக்க நாட்டினது. அங்கே 1863 முதல் 1935 வரை வழங்கிய நாஷனல் பாங்கு நோட்டுகளைப் போல, ஒரே அச்சு, ஒரே படம், ஒரே மதிப்பு உடையதாக இருந்தும், ஒன்றுக்கு நூறு டாலருக்கும் குறைந்த விலையும் மற்றொன்றுக்குப் பல ஆயிரம் டாலர் விலையும் ஏற்படும் விந்தையை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் காண இயலாது. நான் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவன். பாங்குகளின் வரலாற்றைப் படிக்கப் போய் இந்த நோட்டுகளிடம் அகப்பட்டுக்கொண்டேன். என்னிடம் இருப்பவை இரண்டே. இரண்டும் மலிவானவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் என் அறைக்குப் பூட்டுப் பார்க்க வர வேண்டாம்!

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூளும் வரையில் காகிதப் பணம் அடிப்பது பெரும்பாலும் தனியார் பாங்குகளின் வேலையாகவே இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி பாங்குகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பாங்குகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. ஓர் ஊர் நோட்டை அடுத்த மாநிலத்துக் கடைக்காரர் தள்ளுபடி பிடித்துக்கொண்டுதான் வாங்குவார். பாங்கு திவாலாகிவிட்டால் நோட்டு வெறும் காகிதம். கள்ள நோட்டுகளை இனங்கண்டு சொல்வதற்கென்றே தனிப் பத்திரிகைகள் நடந்தன என்றால் குழப்பத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, லிங்கன் ஆட்சியில் நிதிப் பொறுப்பை ஏற்றிருந்த ஸால்மன் சேஸ் ஒரே கல்லில் இரண்டு காய் வீழ்த்தும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1863 பிப்ரவரியில் ஒரு சட்டமும், அதைத் திருத்தி 1864 ஜூனில் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின்படி, மத்திய அரசாங்கத்தின் சாசனம் பெற்ற பாங்கு எதுவும் முதலில் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கிக் கஜானாவில் ஈடாக வைக்க வேண்டும். அந்த ஈட்டில் 100-க்கு 90 வரையில் நோட்டுகளை அரசாங்கமே அச்சிட்டு, பாங்கின் பெயரையும் ஊரின் பெயரையும் பொறித்துக் கொடுக்கும். பாங்குக்கு இரட்டை லாபம்: கடன் பத்திரத்தின் வட்டியும் வரும், நோட்டைக் கடன் கொடுத்து அதற்கும் வட்டி வாங்கலாம். அரசாங்கத்துக்கோ கடன் பத்திரம் விற்கச் சந்தை கிடைத்தது. மாநில பாங்குகளின் நோட்டுகள் மீது 100-க்கு 10 வீதம் வரி விதிக்க 1865-ல் சட்டம் செய்து, அவற்றை ஒழித்தும் விட்டார்கள். 1900-ல் 90 என்ற வரம்பு 100 ஆக்கப்பட்டது. சிற்றூர்களில் 25,000 டாலர் மூலதனத்துடனேயே பாங்கு தொடங்கலாம் என்ற சலுகையும் அதே ஆண்டில் வந்தது. அதன் பிறகு சந்தை கூடும் ஊருக்கெல்லாம் ஒரு நாஷனல் பாங்கு முளைத்தது.

நம் நாட்டில் ஏறக்குறைய அதே காலத்தில் இதற்கு நேர்மாறான காரியம் நடந்தது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண பாங்குகள் தங்கள் பெயரால் நோட்டு வெளியிட்டு வந்தன. 1861-ல் வந்த காகித நாணயச் சட்டம் அந்த உரிமையை அவற்றிடமிருந்து பறித்துச் சர்க்காரிடம் ஒப்படைத்தது. இங்கே பாங்குகளிடமிருந்து எடுத்தார்கள். இரண்டே ஆண்டில் அங்கே பாங்குகளுக்குக் கொடுத்தார்கள்.

இனி விலைக்கு வருவோம். விலையின் வேர் ஒரு சிறு ஏற்பாட்டில் இருக்கிறது. நாஷனல் பாங்கு ஒன்று மூடப்பட்டாலும் அதன் நோட்டு செல்லும். ஏனெனில் அதற்கு ஈடாகக் கடன் பத்திரம் கஜானாவில் இருக்கிறது. 1930-ஐ ஒட்டிய பெரும் மந்தத்தில் ஆயிரக்கணக்கான பாங்குகள் கதவை அடைத்தபோதும், நோட்டு வைத்திருந்தவர் ஒரு காசும் இழக்கவில்லை. பணம் போட்டவர் அழுதார். நோட்டு வைத்திருந்தவர் சிரித்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு என்ன? செல்லும் நோட்டை யார் சும்மா வைத்திருப்பார்கள்? செலவழித்தார்கள். கை மாறிக் கை மாறிக் கந்தலானவை வாஷிங்டனுக்குத் திரும்பின, அங்கே அழிக்கப்பட்டன. போருக்கு முன்பு திவாலான மாநில பாங்குகளின் நோட்டுகளோ யாருக்கும் வேண்டாதவையாகி, கட்டுக் கட்டாகப் பரணில் கிடந்து பிழைத்துவிட்டன. அதனால்தான் 1850-ஆம் ஆண்டைச் சேர்ந்த செல்லாத நோட்டு ஒன்று சில பத்து டாலருக்குக் கிடைக்கும்போது, அதைவிட எழுபது எண்பது ஆண்டு இளைய நாஷனல் பாங்கு நோட்டு ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர் கேட்கிறார்கள். வயதுக்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1863 முதல் 1935 வரை 14,000-க்கு மேற்பட்ட சாசன எண்கள் வழங்கப்பட்டன. முதலாம் எண் பிலடெல்பியா நகரின் பர்ஸ்ட் நாஷனல் பாங்குக்கு உரியது. இவற்றில் 12,000-க்கு மேற்பட்ட பாங்குகள் நோட்டு வெளியிட்டன. ஆகவே சேகரிப்பவர் கண்ணுக்கு இது ஒரே நாட்டின் நாணயம் அன்று. பன்னிரண்டாயிரம் தனித்தனி நாணயங்கள். நியூயார்க், சிக்காகோ போன்ற மாநகரத்துப் பெரிய பாங்குகள் லட்சக்கணக்கில் வெளியிட்டதால், அவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஐந்நூறு பேர் வாழும் கோதுமைச் சிற்றூரில் ஆறேழு ஆண்டு நடந்து மூடிய பாங்கின் நோட்டு உலகத்திலேயே இரண்டு இருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம்.

எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை எப்படி அறிவது? இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஒவ்வொரு பாங்குக்கும் எந்த மதிப்பில் எத்தனை நோட்டுகள் அனுப்பப்பட்டன என்ற பேரேடுகள் அரசாங்கத்திடம் இருந்தன. லூயிஸ் வான் பெல்கம் என்பவர் பொறுமையாக அமர்ந்து அவற்றைப் படியெடுத்தார். ஜான் ஹிக்மன் என்பவர் ஏலப் பட்டியல்களிலும் சேகரிப்போர் வீடுகளிலும் கண்ட ஒவ்வொரு நோட்டையும் தொடர் எண்ணுடன் குறித்துவைத்தார். டான் கெல்லி அந்த வேலையைப் பெருக்கினார். மக்கள்தொகைக் கணக்கைப் போலவே நோட்டுகளுக்கும் ஒரு கணக்கெடுப்பு உருவாயிற்று. இன்று ஒருவர் பாங்கின் சாசன எண்ணைச் சொன்னால், அந்த பாங்கின் நோட்டுகளில் அறியப்பட்டவை இத்தனை என்று பதில் சொல்லிவிடலாம். விலை பேசுகிறவர்கள் இருவருமே இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பேச அமர்கிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது, விரும்புகிறவர்களும் வேண்டும். பெரும்பாலான சேகரிப்போர் தங்கள் சொந்த ஊர், சொந்த மாவட்டம், சொந்த மாநிலம் என்று தேடுகிறார்கள். பென்ஸில்வேனியாவில் நூற்றுக்கணக்கான பாங்குகள் இருந்தன. அங்கே அரிய பாங்கு என்பதே சாதாரணம். நெவாடா மாநிலத்திலோ பாங்குகள் மிகச் சில. அம்மாநில நோட்டு ஒன்றாவது வேண்டுமென்று நாடு முழுவதும் ஆசைப்படுகிறது. ஆகவே ஐந்தே மிஞ்சிய பென்ஸில்வேனியா நோட்டைவிட இருபது மிஞ்சிய நெவாடா நோட்டு அதிக விலைக்குப் போவதில் வியப்பில்லை. நம் ஊர் மாம்பழம் நமக்குத்தான் தித்திக்கும் என்பது போல, சிற்றூர் நோட்டுக்கு அந்தச் சிற்றூரில் பிறந்து வெளியூரில் பணம் சேர்த்தவர் ஒருவர் கிடைத்துவிட்டால் விலை பறக்கிறது. அவர் ஒன்றை வாங்கி ஓய்ந்ததும் அடுத்த நோட்டின் விலை இறங்கிவிடுகிறது. இருவர் போட்டியிட்ட ஏலத்தின் விலையை நம்பி மூன்றாவது ஆள் இறங்குவது ஆபத்து.

மாநிலத் தகுதி பெறாத பிரதேசங்களில் வெளியான நோட்டுகளுக்குத் தனி மதிப்பு. டகோடா பிரதேசத்து டெட்வுட், பின்னர் ஓக்லஹோமாவில் சேர்ந்த இந்தியப் பிரதேசத்து மஸ்கோகீ (இந்த இந்தியர் நாமல்லர், அமெரிக்கப் பழங்குடியினர்), அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, அலாஸ்காவின் ஜூனோ, ஹவாய்த் தீவின் ஹானலூலு ஆகியவை இவ்வகை. டகோடா 1889-லும், ஓக்லஹோமா 1907-லும், அரிஸோனாவும் நியூ மெக்ஸிகோவும் 1912-லும் மாநிலங்களாயின. அதற்கு முந்திய நோட்டில் 'பிரதேசம்' என்ற சொல் அச்சாகியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். போர்ட்டோரிக்கோவின் ஸான் ஹுவான் நகர பாங்கும் நோட்டு வெளியிட்டது. கலிபோர்னியாவில் காகிதத்தை நம்பாமல் தங்கத்தையே கேட்ட மக்களுக்காக, 1870-களில் தங்கமாக மாற்றித்தரும் நாஷனல் கோல்டு பாங்கு நோட்டுகள் மஞ்சள் நிறக் காகிதத்தில் அடிக்கப்பட்டன. அவை கைகளில் நன்றாகப் புழங்கின. கிழியாத ஒன்று கிடைப்பதே அருமை.

அச்சு வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929 வரையில் வந்தவை பெரிய அளவு; ஏறக்குறைய ஏழரை அங்குல நீளம். முதல் வரிசையின் பின்புறங்கள் சித்திரக்கூடம் போல இருக்கும்: 5 டாலரில் கொலம்பஸ் கரையிறங்குவது, 20 டாலரில் போகஹாண்டஸ் என்ற பழங்குடிப் பெண்ணின் ஞானஸ்நானம், 100 டாலரில் சுதந்திரப் பிரகடனம். 2 டாலர் நோட்டில் 2 என்ற பெரிய இலக்கம் படுத்த நிலையில் கிடக்கும். அதனால் அதற்குச் 'சோம்பேறி இரண்டு' என்று செல்லப் பெயர். 1, 2 டாலர் நோட்டுகள் 1879-க்குப் பின் அச்சிடப்படவில்லை. 1882 வரிசையின் முதல் வகையில் பின்புறம் பழுப்பு நிறம்; நடுவே சாசன எண் பெரிதாக நிற்கும். 1902 வரிசையில் சிவப்பு முத்திரை கொண்டவை 1908 வரையில் மட்டுமே வந்ததால் அரியன. அதே வரிசையின் நீல முத்திரை நோட்டுகள் மிகுதி. 1929-ல் வந்த சிறிய நோட்டு இன்றைய டாலரின் அளவு, பழுப்பு முத்திரை. 5, 10, 20, 50, 100 ஆகிய ஐந்து மதிப்புகளே உண்டு. இதில் இரு வகை: முதல் வகையில் சாசன எண் கறுப்பு மையில் இரு பக்கமும் இருக்கும், 1933 முதல் வந்த இரண்டாம் வகையில் அதே எண் தொடர் எண்ணுக்கு அருகில் பழுப்பு மையிலும் காணப்படும். இரண்டாம் வகை பொதுவாகக் குறைவு.

பெரிய நோட்டுகளின் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வாஷிங்டனிலிருந்து நோட்டுகள் வெட்டப்படாத தாள்களாகவே பாங்குக்கு வந்து சேரும். பாங்கின் தலைவரும் காஷியரும் ஒவ்வொன்றிலும் பேனாவால் கையெழுத்திட்ட பின்னரே அது பணமாகும். பிறகு கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். காஷியருக்குக் கை நடுங்கினால் ஓரம் கோணும். நூறு ஆண்டுக்குப் பின் அந்தக் கோணல் விலையைக் குறைக்கிறது! மட்டமான மையால் இட்ட கையெழுத்து மங்கிப் போயிருக்கும். ரப்பர் முத்திரையால் குத்தியதும் உண்டு. இரு கையெழுத்தும் பேனாவால் தெளிவாக இருந்தால் விலை ஏறும். சில ஊர்களில் பெண்கள் தலைவராகவோ காஷியராகவோ இருந்தனர். அவர்கள் கையெழுத்திட்ட நோட்டுகளைத் தேடுவோர் தனிக் கூட்டம். முதல் தாளை, அதாவது தொடர் எண் 1 கொண்டதை, பாங்குத் தலைவர்கள் நினைவுப் பொருளாகத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டனர். அதனால் ஒரு பாங்கின் நோட்டுகள் அனைத்தும் அழிந்து முதல் எண் மட்டும் பிழைத்த கதைகள் உண்டு. 1929-க்குப் பிறகு கையெழுத்தையும் அச்சிலேயே போட்டுவிட்டார்கள். வேலை எளிதாயிற்று, அழகு போயிற்று என்பது என் கட்சி.

அடுத்தது நோட்டின் உடல்நிலை. மடிப்பில்லாத, மை மங்காத நோட்டுக்கும் அதே பாங்கின் கசங்கிய நோட்டுக்கும் விலையில் பல மடங்கு வேற்றுமை உண்டு. 70 வரையிலான எண்ணால் தரம் குறித்து உறையிலிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆனால் உலகில் இரண்டே உள்ள பாங்கின் நோட்டு என்றால் கிழிந்திருந்தாலும் வாங்குவார்கள். மாநகரத்து மலிவு நோட்டுக்குத்தான் உடல்நிலை உயிர்நாடி.

இவ்வளவும் ஏட்டறிவாகவே இருந்திருக்கும், எங்கள் விடுதியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் ஒரு நாள் இரவு என் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால். அவன் பாட்டனார் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் பழுப்பு முத்திரையுடன் 20 டாலர் நோட்டு ஒன்று இருந்ததாம். அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். "அண்ணே, மேலே நாஷனல் கரன்ஸி என்று போட்டிருக்கிறது பாருங்கள். இதற்குப் பன்னிரண்டு லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார். பதிவுக் கட்டணம் மட்டும் நாலாயிரத்து ஐந்நூறு முன்னதாக அனுப்பச் சொல்கிறார்" என்றான். அவன் தங்கை அந்த ஆண்டு நர்ஸிங் படிப்பில் சேர வேண்டும். அம்மா வளையலை அடகு வைத்து அந்த நாலாயிரத்து ஐந்நூற்றைத் திரட்டியிருந்தார்.

நான் முதலில் பார்த்தது பாங்கின் பெயர். 'பெடரல் ரிஸர்வ் பாங்கு, சிக்காகோ' என்று இருந்தது. இடத்திலும் வலத்திலும் ஜி என்ற பெரிய கறுப்பு எழுத்து. ஊர் பாங்கின் பெயரும் இல்லை. சாசன எண்ணும் இல்லை. இது நாஷனல் பாங்கு நோட்டே அன்று. 1933 மார்ச்சில் அமெரிக்க பாங்குகள் அனைத்தும் அடைக்கப்பட்டபோது அவசரத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 1929 நாஷனல் நோட்டின் அச்சையே எடுத்து, ஊர் பாங்கின் பெயர் இருந்த இடத்தில் பன்னிரண்டு பெடரல் ரிஸர்வ் பாங்குகளின் பெயர்களைப் போட்டு அவசரமாக வெளியிட்டார்கள். தலைப்பும் முத்திரையும் அப்படியே நின்றுவிட்டன. சிக்காகோ நோட்டுகள் இவற்றில் ஏராளம். மடிந்து கசங்கிய அந்த 20 டாலர் நோட்டுக்கு அதன் முகமதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம்; அவ்வளவுதான். தம்பியின் முகம் வாடியது எனக்கும் வருத்தமாகவே இருந்தது. ஆனால் அன்றிரவே வீட்டுக்குப் பேசி, பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். வளையல் ஒரு வாரத்தில் மீண்டது.

இந்தக் கட்டண வித்தை அவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகச் சொல்லி, ரிஸர்வ் பாங்கின் பெயரையே பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிஸர்வ் பாங்கே 2021-ல் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. தான் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை என்றும், யாருக்கும் இதற்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தது. நேர்மையான ஏலக்காரர் தம் கமிஷனை விற்ற பணத்தில் கழித்துக்கொள்வார். விற்பதற்கு முன் வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்கும் வியாபாரம் உலகில் எங்கே உண்டு?

நம் நாட்டு நோட்டுகளிலும் ஊர்ப் பெயரின் மகிமை உண்டு என்பதை இங்கே குறிப்பிடலாம். பழைய சர்க்கார் நோட்டுகள் வட்டம் வட்டமாக வெளியாயின. கல்கத்தா, பம்பாய், மதராஸ், கான்பூர், லாகூர், கராச்சி, ரங்கூன் என்று வெளியிட்ட ஊரின் பெயர் அவற்றில் இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 100 ரூபாய் நோட்டிலும் இதைக் காணலாம். ஒரே நோட்டு, ஒரே மன்னர். ஊர்ப் பெயரைப் பொறுத்து விலை வேறு. வீட்டில் அத்தகைய நோட்டு இருப்பவர்கள் மன்னர் தலையைப் பார்ப்பதற்கு முன் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

உண்மையாகவே ஒரு நாஷனல் பாங்கு நோட்டு யாரிடமேனும் இருந்தால் செய்ய வேண்டியவை சிலவே. பாங்கின் பெயர், ஊர், மாநிலம், சாசன எண், தொடர் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாசன எண்ணைக் கொண்டு அச்சிட்ட விலைப் புத்தகத்திலும் நோட்டுக் கணக்கெடுப்பிலும் பார்க்க வேண்டும். அதே பாங்கின் நோட்டு ஏலத்தில் உண்மையில் விற்ற விலையை நோக்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலை ஒரு விலையே அன்று. நோட்டைக் கழுவுவது, இஸ்திரி போடுவது, கிழிசலுக்குப் பசை நாடா ஒட்டுவது ஆகிய மூன்றையும் அறவே தவிர்க்க வேண்டும். தரம் பார்ப்பவர் இவற்றை உடனே கண்டுகொள்வார். சாதாரணப் பிளாஸ்டிக் உறைகளில் உள்ள ரசாயனம் நாளடைவில் மையைத் தின்னும்; நோட்டுக்கென்றே விற்கும் உறை வாங்கினால் செலவு சில ரூபாய்தான். அது கிடைக்கும் வரையில் தடித்த புத்தகம் ஒன்றின் நடுவே, மடிக்காமல், இரு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்திருக்கலாம்.